மூன்றாம் தடவையில் ஏறிய பாட்டு

1986 ஆகஸ்ட்டில் நோர்வேக்கு வந்து இறங்கியபோது எனக்கு 20 வயது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பலரைப் போல நானும் இங்கே ஃபோல்க்கஹொய்ஸ்கூல என்று சொல்லும் விடுதிப் பள்ளி ஒன்றில் ஒரு வருடம் படிக்க விசா எடுத்துத்தான் வந்தேன். அறையில் என்னோடு இருந்தவன் வடக்குப் பக்கத்து நோர்வேஜியன். அவனுடைய மொழி எனக்குத் தெரியாது, என்னுடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம், அதனால் முதல் கிழமை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததைவிடத் தலையாட்டியதுதான் கூட. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இரவில் அவன் தன் கசெட் பிளேயரில் ஒரு பாட்டைப் போட்டான். கீபோர்டில் துள்ளித் துள்ளி ஒரு மெட்டு, அப்புறம் ஓர் ஆண் குரல், அது அடியிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறி, இனி ஏற இடமில்லை என்ற இடத்தில் போய் நின்றது. பாட்டு முடிந்ததும் அவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். "அமெரிக்காவில் முதலாம் இடம். எங்கள் ஆட்கள்."

அவன் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நோர்வேயின் சனத்தொகை அப்போது 40 இலட்சத்துக்குச் சற்று மேல். இவ்வளவு சின்ன நாட்டிலிருந்து போன மூன்று பெடியன்கள், ஆஹா என்ற பெயரில், 'டேக் ஆன் மீ' என்ற பாட்டோடு 1985 ஒக்டோபர் 19 திகதியிட்ட பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் முதலாம் இடத்தில் இருந்தார்கள். அதற்கு முன் எந்த நோர்வேஜியக் குழுவும் அங்கே போய் நின்றதில்லை.

அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அந்தப் பாட்டு என்னோடுதான் இருக்கிறது. மீன் தொழிற்சாலையில், மண்டபங்களில் கீபோர்ட் வாசித்த காலத்தில், இப்போது ஒஸ்லோவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கீபோர்ட் சொல்லிக்கொடுக்கும்போது. என் சொந்தப் பாட்டு ஒன்றை வெளியிட்டு அது எடுபடாமல் போனபோது நான் திரும்பிப் போய்ப் பாடம் கேட்டதும் இந்தப் பாட்டிடம்தான். சொந்தமாகப் பாட்டுப் போடும் தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும் என்று நினைத்து எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அந்த மெட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பள்ளி முடிந்ததும் 1987இல் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் கரையோரத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எங்கள் ஆட்கள் பலர் அந்தப் பக்கம்தான் போனார்கள். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி பாதிக்கு மேல்தான் திரும்ப எட்டிப் பார்க்கும் ஊர். அந்த முதல் இருட்டுக் காலத்தில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாவித்த கீபோர்ட் ஒன்று வாங்கினேன். ஊரில் ஆர்மோனியம் கொஞ்சம் படித்திருந்தேன், சுரம் தெரியும், ஆகவே இந்த மெட்டு ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று கிழமை எடுத்தது.

ஏன் என்று சொல்கிறேன். 'ஏ' கட்டையை ஸட்ஜமாக வைத்தால் பாட்டு நம்முடைய சங்கராபரண ஸ்வரங்களில்தான் ஓடுகிறது. மெட்டு தொடங்குவது ஸட்ஜத்தில் இல்லை: த த ம ரி என்று மேலிருந்து சட்டென இறங்குகிறது. அதுவரை சுகம். அடுத்ததில்தான் சிக்கல். ஒரு பாருக்கு நான்கு தட்டு, ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் என்று எண்ணுங்கள். முதல் இரண்டு தட்டில் அந்த நான்கு சுரமும் முடிந்துவிடும். மூன்றாம் தட்டு விழும் இடத்தில் சுரம் இல்லை, மௌனம், அதற்குப் பின்பாதியில்தான் ரி வருகிறது. நாலாம் தட்டிலும் மௌனம், பின்பாதியில் பஞ்சமம். அடுத்த பாரின் முதல் தட்டு, எந்தப் பாட்டிலும் பலமாக விழும் அந்த இடம், அங்கேயும் மௌனம். இரண்டாம் தட்டிலும் மௌனம். ஆக, உங்கள் கால் நான்கு தடவை தொடர்ந்து தரையைத் தட்டும்போது கை சும்மா இருக்க வேண்டும், கால் தூக்கும்போது கை அடிக்க வேண்டும். மூன்றாம் நாலாம் பாரிலும் இதே கணக்கு வேறு சுரங்களில் திரும்ப வருகிறது. மெட்டு துள்ளுவது போலக் கேட்பது இந்த இடைவெளிகளால்தான். சுரத்தை மட்டும் பாடமாக்கிக்கொண்டு வாசித்தால் எல்லாச் சுரமும் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கீபோர்டைத் திறக்கவே விடுவதில்லை. காலைத் தட்டு, வாயால் சொல்லு, மௌனம் வரும் இடத்தில் உதட்டை மூடு. அது பிசகாமல் வந்த பிறகு கை. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 168 தட்டு, நாங்கள் 80இல் தொடங்குவோம், ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். பின்மார்க்கில் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. மீன் வெட்டும் வரிசையில் என் பக்கத்தில் நின்ற ஒரு நோர்வேஜியப் பெண்மணி, என் அம்மா வயதிருக்கும், நான் கத்தியைப் பிடித்தபடி வாய்க்குள் த த ம ரி என்று சொல்வதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தன் காலால் தாளம் போட்டார். இறப்பர் பூட்ஸ் ஈரத் தரையில் விழும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மெட்டு எனக்கு முதன்முதலாகச் சரியாக உட்கார்ந்தது.

சரி, இந்த மெட்டின் கதைக்கு வருவோம். இதைக் கண்டுபிடித்தவர் ஆஹாவின் கீபோர்ட்காரர் மாக்னே ஃபுருஹொல்மன், பதின்ம வயதில். அவரும் ஆஹாவின் கிற்றார்காரர் போல் வாக்தாரும் ஒஸ்லோவின் மாங்லெருட் பக்கத்தில் வளர்ந்தவர்கள். பிரிட்ஜஸ் என்று ஒரு குழு வைத்திருந்தார்கள், 1980இல் சொந்தச் செலவில் ஓர் இசைத்தட்டும் போட்டார்கள், 1000 பிரதி. இந்த மெட்டு அப்போதே அவர்கள் கையில் இருந்தது, ஆனால் தங்கள் குழுவின் பாணிக்கு இது மிட்டாய் போல அளவுக்கு மீறி இனிக்கிறது என்று நினைத்தார்கள். பிறகு பாடகர் மோர்ட்டன் ஹார்கெட் வந்து சேர்ந்தார், மெட்டைக் கேட்டார், விட மாட்டேன் என்றார். பாட்டுக்குப் பெயர் மாறியது, வரி மாறியது, இடையில் 'லெசன் வன்' என்ற பெயரிலும் கொஞ்சக் காலம் இருந்தது. மெட்டு மட்டும் மாறவில்லை.

1983 தொடக்கத்தில் மூவரும் லண்டனுக்குப் போனார்கள். கையில் காசு இல்லை. அவர்கள் தெரிந்தெடுத்த ஒலிப்பதிவுக்கூடம் ஜோன் ராட்கிளிஃப் என்பவருடையது, அங்கே ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டு மெஷின் இருந்ததால்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பது அவர்களே சொல்லி வந்த கதை. ஆனால் அந்த மனிதர்தான் இவர்களிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு, டெரி ஸ்லேட்டர் என்ற மனேஜரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்புறம் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம்.

டோனி மான்ஸ்ஃபீல்ட் தயாரித்த முதல் பதிப்பு 1984 ஒக்டோபரில் வெளியானது. நோர்வேயின் வி.ஜி. பத்திரிகைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை வந்தது. பிரித்தானியாவில் 137. நூற்று முப்பத்தேழு என்று எழுத்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணை என் மாணவர்கள் எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த முதல் பதிப்பு இப்போதும் கேட்கக் கிடைக்கிறது. தேடிக் கேளுங்கள். மெட்டு அதேதான், குரல் அதேதான், பாட்டின் கட்டுமானமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஒலி மெலிந்து, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கிறது, அந்த ஏற்றம் வரும்போது நெஞ்சில் ஒன்றும் நடப்பதில்லை.

நிறுவனம் கைவிட்டிருக்கலாம். விடவில்லை. அலன் டார்னி என்ற தயாரிப்பாளரிடம் போனார்கள், அவரோடு பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார்கள். லின் டிரம் மெஷினின் அடி, அதற்கு மேல் உண்மையான சிம்பல்ஸ், ரோலண்ட் யூனோ-60 சிந்தசைசர். இந்த இரண்டாவது பதிப்புதான் இன்று உலகம் கேட்பது. ஆனால் கவனியுங்கள், இதுவும் 1985இல் பிரித்தானியாவில் முதலில் வெளிவந்தபோது எடுபடவில்லை! நல்ல பாட்டு, இப்போது நல்ல ஒலியும்கூட, அப்படியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் என் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று விளங்கும்.

1994இல் நான் ஒஸ்லோவில் இருந்தேன், எங்கள் இசைக்குழு ஒன்றில் கீபோர்ட். சொந்தமாக ஆறு பாட்டு எழுதி மெட்டுப் போட்டு, ஒரு வார இறுதியில், சனி காலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் பதிவை முடித்து, 500 கசெட் அடித்தேன். அதில் எனக்கு உயிரான பாட்டு ஒன்று, அம்மாவிடமிருந்து வரும் நீல நிற விமானக் கடிதத்தைப் பற்றியது. மண்டப வாசலில் மேசை போட்டு விற்றோம். 180 போல விற்றது, அதிலும் பாதிக்கு மேல் நண்பர்கள் முகத்துக்காக வாங்கியது. மிச்சம் பெட்டிகளில் கட்டி, குடியிருப்பின் கீழ்த்தளக் களஞ்சிய அறையில் பனிச் சறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பாட்டு சரியில்லை என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு 20 வருடம் நான் ஒரு பாட்டும் எழுதவில்லை.

2014இல் மகளுக்கு 16 வயது. எதையோ தேடக் கீழே போனவள் ஒரு கசெட்டோடு மேலே வந்தாள், பழைய பிளேயர் ஒன்றும் எங்கேயோ தேடி எடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் வந்து நின்றாள். "அப்பா, இந்த ஒரு இடம் மட்டும் எனக்கு விடாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்குது" என்று சொல்லி, கடிதப் பாட்டில் பல்லவிக்கு முன் வரும் எட்டு பார் புல்லாங்குழல் மெட்டை முணுமுணுத்துக் காட்டினாள். நான் அதைப் பாட்டாகவே நினைத்திருக்கவில்லை. பாட்டுக்குள் நுழைய ஒரு வாசற்படி, அவ்வளவுதான் என்று போட்டது.

அன்றைக்கு இரவு அந்தக் கசெட்டை முழுக்கக் கேட்டேன். பாட்டு கெட்ட பாட்டு இல்லை. பதிவுதான் கெட்டிருந்தது. கீபோர்டில் ஏற்கெனவே இருந்த தாளத்தை அப்படியே ஓட விட்டிருந்தேன், குரல் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடத்துக்குக் கிட்டச் சும்மா வாத்தியம், சரணம் நான்கு, அதில் இரண்டு ஒரே விஷயத்தைச் சொல்கிறது, என் குரல் எட்டாத சுருதியில் நின்று தவிக்கிறது. இவை எல்லாம் திருத்தக்கூடியவை. நான் திருத்தக்கூடியதையும் திருத்த முடியாததையும் ஒன்றாகக் கட்டி இருட்டில் வைத்திருந்தேன்.

ஆகவே பாட்டு எடுபடாத தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: பாட்டு வேறு, பதிவு வேறு. உங்கள் பாட்டைத் தெரியாத நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள், எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். மூன்று நாள் கழித்து எந்த இடம் ஞாபகம் இருக்கிறது, பாடிக் காட்டு என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைப் பாடினால் அதுதான் உங்கள் மெட்டு. அதைத் தொடாதீர்கள். மற்ற எதையும் தூக்கி எறியலாம், வரியை, தாளத்தை, பெயரை, தேவையென்றால் பாடும் ஆளையும்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. 'டேக் ஆன் மீ' என்பது ஆங்கிலக்காரர் சாதாரணமாகப் பேசும் ஒழுங்கில் அமைந்த சொற்றொடர் இல்லை. ஒவ்வொரு சொல்லாக நோர்வேஜியத்தில் போட்டால் 'என்னைத் தொடு' என்று வரும் என்று என் அறைத் தோழன் அந்த வருடமே சொல்லித் தந்தான். பிறமொழியில் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய தைரியம். மொழி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பாட்டு போய்ச் சேரும்.

அடுத்தது சுருதி. இதில் எனக்கு ஒரு மேடை அனுபவம் இருக்கிறது. 1996இல் ஒரு கலியாணக் கொண்டாட்டத்தில் நோர்வேஜிய விருந்தினர் நிறையப் பேர், அவர்களுக்காக இந்தப் பாட்டை எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் பாடகர் நல்ல குரல்வளம் உள்ளவர், ஆனால் பல்லவியின் முடிவில் வரும் உச்ச சுரம் அவருக்கு எட்டாது. எட்டாவிட்டால் என்ன, சுருதியை மூன்று கட்டை இறக்கினால் போகிறது என்று இறக்கினேன், மேல் சுரத்தை மட்டும் இரண்டு தரம் ஒத்திகை பார்த்தோம், சரியாக வந்தது. மேடையில் பல்லவி தொடங்கியது. முதல் சொல்லே கேட்கவில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஏனென்றால் பல்லவி தொடங்குவது பாட்டின் ஆகக் கீழ்ச் சுரத்தில், மந்தர ஸ்தாயி ஸட்ஜத்தில், அங்கிருந்துதான் அது படி படியாக இரண்டரை ஸ்தாயி ஏறுகிறது. மேலே எட்ட வேண்டும் என்று இறக்கினேன், கீழே தரை இல்லாமல் போய்விட்டது. பாடகர் இரண்டாம் தடவை முதல் சொல்லை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடிச் சமாளித்தார், சனமும் கைதட்டியது, ஆனால் ஏறுகிற பாட்டு அன்றைக்கு ஏறவில்லை, ஒரே இடத்தில் நின்று முடிந்தது.

அன்றிலிருந்து எந்தப் பாட்டுக்கும் சுருதி வைக்கும்போது நான் முதலில் கீழ்ச் சுரத்தைப் பாடச் சொல்கிறேன், பிறகு மேல்ச் சுரம், அப்புறம்தான் பாட்டு. இரண்டுக்கும் இடம் தரும் சுருதி இல்லையென்றால் அந்தப் பாட்டு அந்தக் குரலுக்கு இல்லை, அல்லது பாட்டை மாற்ற வேண்டும். ஹார்கெட் அந்த உச்சத்தை நெஞ்சுக் குரலில் தள்ளிப் போவதில்லை, பொய்க்குரலுக்கு மாறித்தான் எட்டுகிறார். அந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்று காதுக்கு லேசில் தெரியாது, அவருடைய திறமை அங்கே இருக்கிறது. அதைப் பழக விரும்புபவர்கள் சத்தத்தைக் கூட்டாமல், மெல்லிய குரலில், கீழிருந்து மேலாக ஒரே மூச்சில் ஊதுவது போலப் பழகுங்கள். தொண்டை நொந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், அடுத்த நாளும் பாட வேண்டாம்.

வீடியோவுக்கு வருகிறேன், இதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அமெரிக்காவில் இருந்த வார்னர் ஆட்கள் இந்தப் பாட்டை இன்னொரு தடவை முயற்சி செய்யத் தீர்மானித்து ஸ்டீவ் பரன் என்ற இயக்குநரைக் கூப்பிட்டார்கள். கஃபேயில் சித்திரக்கதை படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், புத்தகப் பக்கத்திலிருந்து வெளியே நீளும் பென்சில் கை, அவள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது. அந்தக் கையைப் பார்த்த யாராலும் மறக்க முடியாது. ஆனால் நான் மாணவர்களுக்குச் சொல்வது அதற்குப் பின்னால் இருந்த உழைப்பை. முதலில் உண்மையான நடிகர்களை வைத்துப் படம் பிடித்தார்கள், பிறகு மைக்கல் பாட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர் என்ற இருவர் அந்தப் படத்தை ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஒவ்வொரு ஃபிரேமாக, எடுத்து அதன் மேல் பென்சிலால் வரைந்தார்கள். கிட்டத்தட்ட 3000 சட்டம், 16 கிழமை. நாலு நிமிடம்கூட இல்லாத ஒரு பாட்டுக்கு நாலு மாதம் குனிந்திருந்து கோடு போட்டிருக்கிறார்கள்! அந்தப் படத்தில் கோடுகள் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு சட்டத்தையும் மனிதக் கை புதிதாக வரைந்ததால் வரும் நடுக்கம் அது. இன்றைக்குக் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி அதே மாதிரி எடுக்கிறார்கள், எனக்கு அந்த நடுக்கத்தில் கிடைப்பது அதில் கிடைப்பதில்லை.

எம்.டி.வி. தொலைக்காட்சி அதை ஓட்டியது. ஜூலையில் ஹொட் 100 பட்டியலின் அடியில் நுழைந்த பாட்டு ஒவ்வொரு கிழமையாக ஏறி ஒக்டோபரில் முதலாம் இடம் வந்தது. மூன்று மாதம். செப்டெம்பரில் பிரித்தானியாவிலும் திரும்ப வெளியிட்டார்கள், அங்கே அது மூன்றாம் தடவை, இப்போது இரண்டாம் இடம் வரை போனது. அடுத்த வருடம் எம்.டி.வி. விருதுகளில் ஆறு இந்த வீடியோவுக்கு. அந்த வருடத்தின் சிறந்த வீடியோ என்ற பெரிய விருது மட்டும் டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவுக்குப் போனது, அதை இயக்கியவரும் இதே ஸ்டீவ் பரன்தான்.

பட்டியல் எண்களைப் பற்றி ஒரு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் இதில்தான் மனம் உடைகிறார்கள். பட்டியலில் வரும் எண் உங்கள் பாட்டின் நிறை இல்லை. அந்தக் கிழமை மற்றப் பாட்டுகளோடு நிற்கும் வரிசை மட்டும்தான் அது. பிரித்தானியாவில் ஆஹாவை முதலிடத்துக்கு விடாமல் மூன்று கிழமை மறித்து நின்றது ஜெனிஃபர் ரஷ் பாடிய 'த பவர் ஆஃப் லவ்', அந்த வருடம் அந்த நாட்டிலேயே அதிகம் விற்ற சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு. அப்படி ஒன்று எதிரில் நிற்காத கிழமையாக இருந்தால் கதை வேறு. அதோடு ஒவ்வொரு நாட்டுப் பட்டியலும் ஒவ்வொரு விதமாகச் செய்யப்பட்டது. பிரித்தானியாவில் கடை விற்பனை மட்டும், அமெரிக்காவில் கடைகள் தந்த விற்பனைத் தகவலும் வானொலியில் ஒலிபரப்பானதும் சேர்ந்து. அங்கே பட்டைக் குறியை ஸ்கேன் செய்து விற்பனையை நேரடியாக எண்ணும் முறை ஹொட் 100க்கு வந்ததே 1991இல். ஆஹாவின் அடுத்த சிங்கிள் 1986 தையில் பிரித்தானியாவில் முதலாம் இடம் பிடித்தது, அமெரிக்காவில் 20இல் நின்றுவிட்டது. அதே மூன்று பேர், அதே தயாரிப்பாளர். அமெரிக்காவில் அவர்களை ஒரே ஒரு பாட்டோடு முடிந்த குழு என்பார்கள், ஆனால் 1987இல் ஜேம்ஸ் பொண்ட் படத்துக்கு முகப்புப் பாட்டுப் பாடினார்கள், 1991இல் ரியோவின் மரக்கானா மைதானத்தை நிரப்பினார்கள்.

எங்கள் கடிதப் பாட்டை 2015இல் மகள் குரலில் பதிவு செய்து இணையத்தில் போட்டோம். ஒரு மாதத்தில் 212 தடவை கேட்கப்பட்டது. மகள் அழுதாள். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி பூனை வீடியோ போட்டு ஆயிரக்கணக்கில் பார்த்தார்களாம். நான் 137 என்று ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். என்ன என்று கேட்டாள், சொன்னேன். மூன்று வருடம் விட்டுவிட்டு, 2018இல் இன்னொரு தடவை எடுத்தோம். புல்லாங்குழல் மெட்டு பாட்டின் முதல் நொடியிலேயே தொடங்கியது, சரணம் இரண்டாகக் குறைந்தது, தாள மெஷினைத் தூக்கிவிட்டு ஒரு தம்பியின் உண்மையான மிருதங்கம். வெளியிடுவதற்கு முன் இரண்டு மாதம் ஒன்றும் செய்யாமல் வைத்திருந்து, திரும்பக் கேட்டு, குரலை மட்டும் இன்னொரு தரம் எடுத்தோம். கனடாவிலிருந்து எங்களுக்குத் தெரியாத ஓர் அம்மா எழுதினார், தன்னிடமும் அந்த நீலக் கடிதங்கள் ஒரு பிஸ்கட் பேணியில் இருக்கின்றனவாம். அந்தச் செய்தியை மகள் எனக்கு வாசித்துக் காட்டும்போது அவளுக்குக் குரல் தடுமாறியது.

இன்னொன்று, காசு சம்பந்தமானது. 'டேக் ஆன் மீ' பாட்டுக்கு எழுதியவர்களாக மூன்று பேரின் பெயரும் இருக்கிறது. யார் எந்த மெட்டைப் போட்டது, யார் வரி எழுதியது என்பதைப் பாட்டு முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள், நண்பர்கள்தானே என்று விடாதீர்கள். 1994இல் என் பாட்டுகளில் எனக்கு உதவிய ஒரு நண்பரும் நானும் ஒரு பல்லவியை யார் போட்டது என்று கதைக்கப் போய் இரண்டு வருடம் கதைக்காமல் இருந்தோம். இரண்டு பேரும் உண்மையாகவே தான்தான் போட்டது என்று நம்பினோம். நோர்வேயில் இருப்பவர்கள் பாட்டு எழுதுபவர்களுக்கு உரிமைக் காசு வாங்கித் தரும் டோனோ சங்கத்தில் பதிந்துகொள்ளுங்கள், மற்ற நாடுகளிலும் இதேபோல் சங்கங்கள் இருக்கின்றன. வெளியிடும் முன்பே பதியுங்கள், பிறகு பார்ப்போம் என்றால் மறந்துபோகும்.

2017 ஜூனில் ஆஹா மேற்கு நோர்வேயில் கிஸ்கே என்ற சின்னத் தீவில் ஒரு கச்சேரி செய்தார்கள், மின்வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு. அதில் இந்தப் பாட்டை மிக மெதுவாக, அந்தத் துள்ளல் எதுவும் இல்லாமல் பாடினார்கள். முதலில் கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. 31 வருடமாக எனக்குத் தெரிந்த சந்தோஷமான பாட்டு, உள்ளே இவ்வளவு கவலையை வைத்துக்கொண்டா இத்தனை காலம் துள்ளியது? ஹார்கெட்டுக்கு அப்போது வயது 57. உச்ச சுரத்துக்குப் போகும்போது அந்தக் குரல் மெலிகிறது, அவர் அதை மறைக்கவில்லை. சொந்தப் பாட்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்து பாருங்கள். உங்கள் பாட்டைப் பாதி வேகத்தில், ஒரே ஒரு வாத்தியத்தோடு பாடுங்கள். நிற்கிறதா? நின்றால் அதன்மேல் எதையும் கட்டலாம். நிற்காவிட்டால் எந்த டிரம் மெஷினாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

நாங்களும் செய்து பார்த்தோம். அதனால்தான் இப்போது கடிதப் பாட்டை மூன்றாம் தடவையாக எடுக்கிறோம், மெதுவாக, பியானோவும் குரலும் மட்டும். மகளுக்கு வயது கூடக் குரலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கீழ்ச் சுரம் முன்பைவிட அழகாக வருகிறது. நான் 'எஃப்' வைக்கலாம் என்கிறேன், அவள் 'ஜி' வேண்டும் என்று நிற்கிறாள், மேலே கொஞ்சம் சிரமப்பட்டுப் பாடினால்தான் பாட்டுக்கு நல்லது என்பது அவள் கட்சி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருகிறாள். இரண்டு சுருதியிலும் முதலில் அடிச் சுரம், பிறகு உச்சம், அப்புறம் பாட்டு.